பாதியக்காவும் சாம்பல் சதுரமும்

ஆள்காட்டி விரல் மவுஸை ஆறு தடவை சொடுக்கியது. திரையில் வரிசையாக நின்ற பன்னிரண்டு குமிழ்களில் முதல் ஆறும் பச்சையிலிருந்து வெள்ளைக்கு மாறின. அதே நேரம் இடது கை, பார்க்காமலே, கோடு போட்ட நோட்டில் ஆறு சிறு வட்டங்களைப் பென்சிலால் அடித்தது. பிறகு இரண்டு கைகளும் சேர்ந்து எழும்பி, மேசையின் அடுத்த மூலையில் இருந்த பழைய லேப்டாப்புக்குத் தாவின. அங்கே ஒரே ஒரு விசை. பக்கம் புதிதாகத் திறந்தது.

மேலே மணமக்கள் படம். அதற்குக் கீழே அழைப்பு. உச்சியிலிருந்து ஓயாமல் உதிரும் ரோஜா இதழ்கள். எல்லாவற்றுக்கும் நடுவில், கல்யாண வீட்டுக்குள் தவறி நுழைந்த சிமெண்ட் பலகை மாதிரி, ஒரு சாம்பல் நிறச் சதுரம்.

“இன்னும் இருக்கு,” என்றார் பாதியக்கா, சந்தோஷமாக.

பக்கத்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்த சலூன்காரர் எட்டிப் பார்த்தார். “இருக்குன்னா நல்லதா, கெட்டதா?”

“நல்லது. ஆறு பேர் விடுதலை. குற்றவாளி மிச்சம் ஆறுல இருக்கான்.”

பாதியக்கா என்பது அம்மா அப்பா வைத்த பெயர் அல்ல. எதையும் பாதியாகப் பிரித்துப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது என்பதால் தெருவே சேர்ந்து வைத்த பெயர். ஐம்பத்திரண்டு வயது. கல்யாணமாகி இந்த விளக்குக் கடைக்கு வந்தபோது அவருக்குக் கிடைத்த முதல் வேலை, விசேஷங்களுக்கு வாடகைக்குப் போய்த் திரும்பும் சீரியல் விளக்குகளைச் சோதிப்பது. நூறு பல்பு ஒரே சரத்தில். ஒன்று போனால் நூறும் இருட்டு. கடையில் எல்லோரும் ஒன்றாம் பல்பிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் சரத்தின் நடுவில் கையை வைத்தார். இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? பழுது இருக்கும் பாதியை மறுபடி பாதியாக்கினார். நூறு பல்புக்கு ஏழே சோதனை. மாமனார் ஒரு வாரம் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்ணிப் பார்த்துவிட்டு, எட்டாவது நாள் ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு பாதியக்கா எதையும் விடவில்லை. கணவருக்கு விடாமல் தும்மல் வந்தபோது வீட்டுச் சாமான்களில் பாதியை மொட்டை மாடிக்கு ஏற்றினார். மறுநாள் மிச்சத்தில் பாதி. ஐந்தாம் நாள் குற்றவாளி பிடிபட்டது: கணவரின் பிறந்தநாளுக்குப் பாதியக்காவே வாங்கிக் கொடுத்த சென்ட்.

எல்இடி வந்தது. சரம் போனால் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கினார்கள். பாதியக்கா அதற்காக ஒரு பெருமூச்சு கூட விட்டதாகத் தகவல் இல்லை. கடையின் இணையப் பக்கத்தில், விளக்குப் படங்கள் வந்து விழும் சமூக ஊடகப் பெட்டி ஒருநாள் இருண்டுபோனது. அதைச் செய்து கொடுத்தவர் போனையே எடுக்கவில்லை. பாதியக்கா உள்ளே போய்ப் பார்த்தார். தளத்தில் அங்கங்கே செருகியிருந்த துணை நிரல்கள், பிளகின்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குமிழ். போடலாம், அணைக்கலாம். “அட, இதுவும் சீரியல் செட்டுதான்!” என்று கத்தியது கீழே கடைவரை கேட்டது. நான்கு மணி நேரத்தில் பழுதைக் கண்டுபிடித்தார். அடுத்து எதிர்க்கடை பேக்கரியின் பெட்டி, அப்புறம் நீச்சல் பள்ளியின் பெட்டி. பதினோரு வருடம் ஆகிவிட்டது. கடைப் பலகையில் இப்போது இப்படி எழுதியிருக்கிறது: ‘பல்பு, ஒயர், சுவிட்ச். வெப்சைட் பழுது மாடியில்.’

மாடி அறையில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு மேசை. தெருவில் லாரி போனால் பெட்டிகளுக்குள் பல்புகள் கிணுகிணுக்கும். கீழே கணவர் யாருக்காவது வண்ண விளக்கைப் போட்டுக் காட்டினால் அதன் நிறம் படிக்கட்டு வழியாக ஏறி வரும். பாதியக்காவின் வலது கன்னம் ஒரு நாளைக்கு நாற்பது நிறம் மாறும்.

யாரிடமும் கற்காத அவருக்குச் சட்டம் இரண்டு உண்டு. ஒன்று, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். அதையும் நோட்டில் எழுதிவிட்டுத்தான் அடுத்தது. இரண்டாவது, அந்தப் பழைய லேப்டாப். அதன் பெயர் ‘வேத்தாள்’. அதில் யாருடைய கணக்கும் இதுவரை திறக்கப்பட்டதில்லை. எந்தத் தளமும் அதை அடையாளம் கண்டு வரவேற்காது. ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் அதன் நினைவைத் துடைத்துவிடுவார். ஊர் பேர் தெரியாத ஒருவர் வந்து பார்த்தால் என்ன தெரியுமோ, அதுதான் வேத்தாளில் தெரியும்.

அன்று காலை பத்து மணிக்குச் சலூன்காரர் படியேறி வந்தபோது அவருடைய முதல் வாக்கியமே வேத்தாளுக்கு வேலை வைத்தது.

“அக்கா, எங்க எல்லாருக்கும் தெரியுது. அம்மாவுக்கு மட்டும் தெரியல.”

விஷயம் இதுதான். சலூன்காரரின் மூத்த அக்கா பஸ் ஓட்டுநர். நாற்பத்தேழு வயது. அவருடைய பஸ்ஸில் ஆறு வருடமாக ஏறி, தன் நிறுத்தத்தை வேண்டுமென்றே தாண்டிப் போய் இறங்கி, திரும்பி நடந்துகொண்டிருந்த ஒரு கடிகாரம் பழுது பார்ப்பவரை அன்று மாலை நான்கு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் மணக்கப் போகிறார். இந்த நாளுக்காக இருபது வருடம் காத்திருந்தவர் அம்மா. கல்யாணத்துக்கென்று வாங்கிய குதி உயர்ந்த செருப்பைப் போட்டு நடந்து பழகுகிறேன் என்று மூன்று நாளைக்கு முன் மாடிப்படியில் உருண்டு, காலில் கட்டோடு மருத்துவமனையில் கிடக்கிறார். தள்ளி வைக்கலாமா என்று கேட்டதற்கு, “அவ மனசு மாறுறதுக்குள்ள முடிங்கடா,” என்று படுத்தபடியே உத்தரவு போட்டுவிட்டார்.

அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அதில் பேசலாம், பார்க்க முடியாது. வார்டில் நோயாளிகளுக்குக் கொடுக்கும் தொடுதிரை டேப்பில் எதையும் புதிதாக ஏற்ற முடியாது. இணையப் பக்கம் மட்டும் திறக்கும். வீடியோ தளத்துக்கு நேராகப் போனால் கணக்கு கேட்கும், அது அம்மாவுக்குக் கிடையாது. ஆகவே ஒரே வழி, கல்யாணத்துக்காகக் குடும்பம் தொடங்கிய வலைப்பூ. சலூன்காரர் தன் போனில் நேரலை ஆரம்பித்தால், வலைப்பூவின் நடுவில் பதித்திருக்கும் பெட்டியில் அது ஓடும். அம்மா படுத்துக்கொண்டே பார்ப்பார். ஓடினால்தான்.

காலையில் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். அம்மா போனில் சொன்னதைச் சலூன்காரர் அப்படியே நடித்துக் காட்டினார்: “‘சாம்பல் கலர்ல ஒரு சதுரம் தெரியுதுடா. இதுல மாப்பிள்ளை எங்க இருக்காரு?’”

பாதியக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தார்.

வேத்தாளிலும் சாம்பல் சதுரம்தான். ஆக, அம்மாவின் டேப்பில் கோளாறு இல்லை. பன்னிரண்டு பிளகின்களில் முதல் ஆறை அணைத்தும் சதுரம் போகவில்லை. அவற்றைப் பழையபடி போட்டுவிட்டு, ஏழு, எட்டு, ஒன்பதை அணைத்தார். வேத்தாளில் சதுரம் மறைந்து வீடியோப் பெட்டி பளிச்சென்று வந்து நின்றது. சலூன்காரர் எழுந்தே விட்டார்.

“உக்காருங்க. மூணு பேர்ல ஒருத்தன். யாருன்னு தெரியணும்.”

ஏழையும் எட்டையும் போட்டார். ஒன்பது மட்டும் அணைந்திருக்கிறது. வேத்தாள்: சாம்பல். அப்படியென்றால் ஒன்பது நல்லவன், ஏழோ எட்டோதான். இரண்டையும் அணைத்தார். வேத்தாள்: சாம்பல். பாதியக்காவின் பென்சில் காற்றில் நின்றது. ஏழும் நல்லவன், எட்டும் நல்லவன், ஒன்பதும் நல்லவன். அப்படியானால் சற்று முன் பெட்டி எப்படி வந்தது?

முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை வேறு மாதிரி தப்பாக வந்தது. முப்பது வருடத்தில் பாதி வழி அவரைக் கைவிட்டது இதுதான் முதல் தடவை. பல்புச் சரத்தில் போன பல்பு எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வதில்லை. இங்கே உட்காருகிறது.

பதினொன்றரைக்குக் கணவர் தேநீரோடு மேலே வந்தார். நோட்டில் அடித்தல் திருத்தலைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். “என்னம்மா, இன்னைக்கு முழுசக்காவா மாறிட்டியா?”

“போங்க நீங்க. இதுல பேய் பூந்திருக்கு.”

“பேயையும் பாதியா வெட்டிப் பாரேன்.”

பாதியக்கா குமிழ்கள் இருந்த பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தார். அவர் அணைத்திருந்த ஒன்பது, பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அவர் தொடாத மூன்று அணைந்திருந்தது. அவருடைய முகத்தில் கீழேயிருந்து ஊதா நிறம் ஏறியது.

“தம்பி. இந்தத் தளத்துக்குள்ள போற பாஸ்வேர்ட் யார் யார்கிட்ட இருக்கு?”

“அம்மா பேரும் பொறந்த வருஷமும்தானே. எங்க வீட்டுல எல்லாருக்குமே தெரியும்.”

“எல்லாருக்குமேன்னா?”

உள்ளே யார் இருக்கிறார்கள் என்று காட்டும் பட்டியலை அவர் திறந்தார். ஒரே பெயர். அதே பெயரில் இந்த நிமிடம் நான்கு கருவிகள். ஒன்று பாதியக்காவின் மேசைக் கம்ப்யூட்டர். இரண்டு போன்கள். நான்காவது என்னவென்று தளத்துக்கே தெரியவில்லை.

“அது என் கடைக் கம்ப்யூட்டரா இருக்கும்,” என்றார் சலூன்காரர். “காலையில மூடினேனான்னு ஞாபகம் இல்ல. அந்த ரெண்டு போன்... ஐயோ. நடு அக்கா ரெண்டு பேரும். நேத்து நைட்டே சொன்னாங்க, ‘நாங்களும் ஒரு பக்கம் பாக்குறோம்டா’ன்னு.”

பாஸ்வேர்டை உடனே மாற்றிவிடலாம். ஆனால் மாற்றுவதற்கான குறியீடு மணப்பெண்ணின் மின்னஞ்சலுக்குத்தான் போகும். மணப்பெண் அப்போது நாற்பது பயணிகளோடு சாலையில் இருந்தார். கல்யாண நாளன்றும் காலை ஷிப்டை விட மாட்டேன் என்றுவிட்டாராம். இரண்டரைக்குத்தான் இறங்குவார்.

“அப்ப வேற வழியில்ல. ரெண்டு பேரையும் வீடியோ கால்ல கூப்பிடுங்க.”

முதலில் வந்தவர் இரண்டாவது அக்கா, டீச்சர். பின்னால் கரும்பலகை. அடுத்து மூன்றாவது அக்கா, மருந்துக்கடை. கவுண்டருக்குப் பின்னால் நின்றிருந்தார். முன்னால் இருமிக்கொண்டிருந்த ஒருவர் பாதி தெரிந்தார்.

“டேய், சரியாயிடுச்சா? நான்தான் பாதி சரி பண்ணிட்டேன்,” என்றார் மருந்துக்கடை.

“அக்கா, நீங்க என்ன பண்ணீங்க?” என்று பாதியக்கா நடுவில் நுழைந்தார்.

“நீங்க யாருங்க? ஓ, நீங்கதானா! ஏங்க, திடீர்னு பூ நின்னு போச்சு. யாரோ எல்லாத்தையும் அணைச்சு வச்சிருந்தாங்க. நான் பதறிப்போய் மறுபடி ஆன் பண்ணேன். மறுபடி அணைச்சாங்க. மறுபடி ஆன் பண்ணேன். விடுவேனா நான்?”

“அணைச்சது நான்தான்.”

“ஓ.”

“டீச்சர், மூணாம் நம்பரை அணைச்சது நீங்களா?”

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்தார். “அது பாட்டு போடுற பிளகின். கிளாஸ்ல திறந்தேன், திடீர்னு மேளம் அடிச்சு முப்பத்தாறு பசங்களும் ஆட ஆரம்பிச்சுட்டாங்க. நான் என்ன செய்ய?”

“உன் பாட்டை நீ அணைச்சுக்கோ, என் பூவைத் தொடாத,” என்றார் மருந்துக்கடை.

“உன் பூவைத் தொட்டது நான் இல்லடி!”

“சரி, சரி,” என்றார் பாதியக்கா. “எனக்கு ஒரே ஒரு உதவி. எல்லாரும் கையைத் தூக்குங்க.”

“என்னது?”

“நாலு இடத்துல நாலு கை ஒரே நேரத்துல சரத்தைப் பிடிச்சு இழுத்தா எனக்கு எப்படிங்க பல்பு தெரியும்? போனை எங்கயாவது சாய்ச்சு வைங்க. ரெண்டு கையும் மேல. நான் சொல்ற வரைக்கும் இறக்கக் கூடாது.”

டீச்சர் தூக்கினார். மருந்துக்கடை முணுமுணுத்துக்கொண்டே தூக்கினார். மருந்து வாங்க வந்தவர், எதற்கும் இருக்கட்டும் என்று தானும் தூக்கினார். இந்தப் பக்கம் சலூன்காரரும் தூக்கினார். தேநீர் டம்ளரை எடுக்க வந்த கணவரும், யாரும் சொல்லாமலே, டம்ளரோடு சேர்த்துத் தூக்கினார்.

ஆறே நிமிடம். ஏழு, எட்டு, ஒன்பது அணைந்தன: பெட்டி வந்தது. ஏழும் எட்டும் போட்டார்: பெட்டி அப்படியே இருந்தது. ஒன்பதைப் போட்டார்: சாம்பல்.

“பிடிச்சாச்சு. ஒன்பது.”

ஒன்பது என்பது ஒரு கேள்வி. வெளித் தளத்தின் வீடியோவை ஓட்டினால், அந்தத் தளம் பார்ப்பவரின் கருவியில் சில அடையாளங்களை வைத்துவிட்டுப் போகும். அதற்குச் சரியா என்று பக்கத்தின் அடியில் ஒரு பட்டை கேட்கும். ‘சரி’ என்று அமுக்கும்வரை வீடியோவை உள்ளே விடாது.

“அப்ப ஒன்பதை அணைச்சே வச்சிருங்க அக்கா, முடிஞ்சுது வேலை,” என்றார் சலூன்காரர், கை வலியோடு.

“கேட்காம யார் வீட்டுக்குள்ளயும் யாரையும் அனுப்பக் கூடாது தம்பி. அது நல்லவன். அவன் கேள்வி கேட்டிருக்கான். யாருமே ஏன் பதில் சொல்லலை? அந்தப் பட்டை எங்க?”

பக்கத்தின் அடிக்குப் போனார். பட்டை இல்லை. ரோஜா இதழ்கள்தான் உதிர்ந்து உதிர்ந்து அடியில் ஒரு முழ உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. பாதியக்கா அந்தக் குவியலையே சற்று நேரம் பார்த்தார். பிறகு எட்டாம் எண்ணை, பூ பிளகினை, ஒரு நொடி அணைத்தார். குவியல் மறைந்தது. அதன் அடியில், சமர்த்தாக, இரண்டு வாரமாகப் பதிலுக்குக் காத்துக்கொண்டு, பட்டை உட்கார்ந்திருந்தது.

“உங்க எல்லாருக்கும் ஏன் தெரியுதுன்னா, பூ போடுறதுக்கு முன்னாடியே நீங்க ‘சரி’ அமுக்கிட்டீங்க. அம்மா அதுக்கப்புறம் வந்தாங்க. அவங்களுக்குப் பொத்தான் பூவுக்குள்ள புதைஞ்சு போச்சு.”

“என் பூவை எடுத்துடுவீங்களா?” மருந்துக்கடையின் குரல் இறங்கியது. தூக்கிய கைகளும் பாதி இறங்கின. “அம்மாவுக்கு ரோஜான்னா உசுரு. ஒவ்வொரு இதழும் நானே வெட்டி ஏத்தினேன்.”

“பூ இருக்கட்டும். எது எதுக்கு மேல இருக்கணும்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு அடுக்கு எண் உண்டு. உங்க பூவுக்கு என்ன எண் போட்டீங்க?”

“ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது. என் பூ எல்லாத்துக்கும் மேல இருக்கட்டும்னு.”

“பட்டை ஆயிரத்துல இருக்கு. உங்க பூவைத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதுக்கு இறக்குறேன். ஒரு ஒன்பதுதான் குறையுது.”

இதழ்கள் மறுபடி உதிர்ந்தன. பட்டைக்குப் பின்னால் போய் விழுந்தன. வேத்தாளில் ‘சரி’ அமுக்கினார். பெட்டி திறந்தது. சலூன்காரர் தன் இன்னொரு போனில் நேரலையைத் தொடங்க, பெட்டிக்குள் மாடி அறை தெரிந்தது. அந்த அறையில் வேத்தாள் தெரிந்தது. அந்த வேத்தாளுக்குள் இன்னொரு மாடி அறை, கட்டைவிரல் அளவில் இன்னொரு சலூன்காரர். மூன்று இடத்திலும் கூச்சல். இருமல்காரர் கைதட்டினார்.

பாதியக்கா நோட்டில் ‘முடிந்தது’ என்று எழுதப் போனார். வழக்கப்படி, எழுதுவதற்கு முன் ஒருமுறை பக்கத்தைப் புதுப்பித்தார்.

பெட்டியே இல்லை. சாம்பல் சதுரம்கூட இல்லை. படத்துக்குக் கீழே நேராக அழைப்பு வாசகம்.

“யாரு?” என்று கேட்டார்.

எல்லோருடைய கைகளும் மேலேதான் இருந்தன. பெட்டியை மறுபடி பதித்தார். இரண்டு நிமிடம் நின்றது. பிறகு காணாமல் போனது. மூன்றாம் முறை பதித்தார். இந்த முறை ஒரு நிமிடம்தான்.

“கடைக் கம்ப்யூட்டர்னு சொன்னீங்களே தம்பி. கடையில யாராவது இருக்காங்களா?”

“பூட்டு போட்டு சாவி என் பையில இருக்கு.”

அந்த நான்காவது கருவி. பாதியக்காவும் சலூன்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போன் திரைக்குள் டீச்சர் மெதுவாக ஒரு கையை மட்டும் இறக்கி வாயைப் பொத்தினார்.

“டீச்சரக்கா,” என்றார் சலூன்காரர். “உண்மையைச் சொல்லு.”

“அம்மாவுக்குப் பொழுது போகலைன்னாங்கடா. படுத்துக்கிட்டே ஏதாவது எழுதட்டுமேன்னு முந்தாநாள் டேப்ல லாகின் பண்ணிக் குடுத்தேன். எழுத மட்டும்தான் செய்வாங்கன்னு நினைச்சேன்...”

சலூன்காரர் பாதியக்காவின் போனில் அம்மாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

“அம்மா, நீங்க அந்தப் பக்கத்துல ஏதாவது பண்றீங்களா?”

“பண்ணாம? யாருடா அது, ஒரு சதுரத்தைக் கொண்டுவந்து நடுவுல நட்டு வச்சது? கல்யாணம் அதுக்குப் பின்னாடி நடக்கும்போல, மறைக்குதேன்னு பார்த்தேன். மேல விரலை வச்சா குப்பைத்தொட்டி படம் வருது. தூக்கிப் போட்டேன். எவனோ மறுபடி கொண்டாந்து வைக்கிறான். நானும் விடலை. மூணு தடவை போட்டுட்டேன்!”

கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். மருந்துக்கடை கவுண்டருக்குக் கீழே காணாமல் போனார்.

“எதுக்குடா சிரிக்கிறீங்க?”

“அம்மா, அந்தச் சதுரத்துக்குள்ளதான் கல்யாணம் தெரியும்,” என்றார் சலூன்காரர்.

அடுத்து வந்த அம்மாவின் குரலில் வேகம் இல்லை. “நல்லதுன்னு நினைச்சுத்தான்டா செஞ்சேன். ஆளாளுக்கு ஒண்ணு செய்றீங்க. ஒருத்தி பூ போடுறா, ஒருத்தி பாட்டு போடுறா, நீ படம் எடுக்குற. பெத்தவ காலைத் தூக்கித் தொங்கவிட்டுட்டுக் கிடக்கேன். எனக்குன்னு ஒரு வேலை வேணாமா?”

சிரிப்பு அடங்கியது. பாதியக்கா போனைத் தன் பக்கம் இழுத்தார்.

“அம்மா, நான் வெப்சைட் ரிப்பேர் பாக்குறவ. உங்ககிட்டதான் எனக்கு வேலை இருக்கு.”

“சொல்லும்மா.”

“இங்க ஒரு பழைய லேப்டாப் வச்சிருக்கேன், அதுல பாத்துத்தான் சரியான்னு முடிவு பண்ணுவேன். ஆனா அது ஆஸ்பத்திரியில இல்ல, இங்க இருக்கு. உங்க டேப்ல தெரியுதான்னு அது சொல்லாது. நீங்கதான் சொல்லணும். பெரிய பொண்ணு வந்ததும் பாஸ்வேர்டை மாத்துவேன். உங்களை வெளிய தள்ளும். கோவிச்சுக்காதீங்க, எல்லாரையும்தான் தள்ளும். அப்புறம் நீங்க புதுசா திறங்க. அடியில ஒரு பட்டை வரும். முழுசாப் படிங்க. ‘சரி’ன்னு அமுக்குங்க. என்ன தெரியுதுன்னு எனக்குச் சொல்லுங்க. நீங்க சொன்னாதான் வேலை முடிஞ்சுதுன்னு எழுதுவேன். அதுவரைக்கும் எழுத மாட்டேன்.”

“நான் சொன்னாதானா?”

“நீங்க சொன்னாதான்.”

“அந்தக் குப்பைத்தொட்டியைத் தொடக் கூடாது?”

“தொடவே கூடாது.”

“சரி. நானும் கையைத் தூக்கிக்கிறேன். நர்ஸ் வந்து கேட்டா நீதான் பதில் சொல்லணும்.”

இரண்டே முக்காலுக்குப் படிக்கட்டு அதிர்ந்தது. மணப்பெண் வந்துவிட்டார். ஓட்டுநர் சட்டை, ஒரு தோளில் கல்யாண உடை தொங்கும் உறை, ஒரு கையில் பயணிகள் சேர்ந்து கொடுத்த பூங்கொத்து, இன்னொரு கையில் கேக் பெட்டி, பல்லில் கடித்தபடி போன்.

“ம்ம்ம்ம்,” என்றார்.

சலூன்காரர் போனை வாயிலிருந்து எடுத்தார். பாதியக்கா குறியீட்டைக் கேட்டு வாங்கி, புது பாஸ்வேர்டைத் தட்டினார். அம்மா பெயரும் இல்லை, வருடமும் இல்லை. பட்டியலில் நான்கு கருவிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. பெட்டியை நான்காவது முறையாகப் பதித்தார். வேத்தாளைத் துடைத்தார், திறந்தார், ‘சரி’ அமுக்கினார், பார்த்தார். பிறகு ஸ்பீக்கரில் அம்மாவைக் கூப்பிட்டார்.

“வெளிய தள்ளிடுச்சும்மா,” என்றது குரல். “மறுபடி திறந்துட்டேன். பூ கொட்டுது. அடடா, எவ்வளவு பூ! பட்டை வந்திருக்கு. படிக்கிறேன் இரு.” படித்தார். ஒரு வரி விடாமல், உரக்க, இரண்டு பத்தி. மருந்துக்கடையும் டீச்சரும் இன்னும் போன் திரையில்தான் இருந்தார்கள், கைகளும் மேலேதான். “அமுக்கிட்டேன்.”

கீழே ஒரு லாரி போனது. பல்புகள் கிணுகிணுத்தன.

“டேய்,” என்றார் அம்மா. “அந்த மூக்கு யாருது? உன்னுதா? போனைத் தள்ளிப் பிடிடா. ஊருக்கெல்லாம் முடி வெட்டுற, உன் தலையைப் பாரு... ஐயோ, பெரியவ! பெரியவளே! அங்கதான் நிக்கிறாளா? ஏன்டி, காக்கிச் சட்டையிலயா கல்யாணம்?”

மணப்பெண் பூங்கொத்தோடும் கேக்கோடும் போனின் பக்கம் திரும்பினார். “மாத்திக்கிறேம்மா. தெரியுதா நல்லா?”

“சட்டையில ஒரு பட்டன் இல்ல. அது வரைக்கும் தெரியுது.” மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “வெப்சைட்டம்மா, எழுதிக்கோ. முடிஞ்சுது.”

பாதியக்கா நோட்டில் எழுதினார். அடியில் ஒரு கோடும் போட்டார். பிறகு இன்னொரு தாளில் புது பாஸ்வேர்டையும், அதற்குக் கீழே ‘நான்கு மணியிலிருந்து ஆறு மணி வரை யாரும் எதையும் தொட வேண்டாம்’ என்பதையும் எழுதி, நான்காக மடித்து, ஒரு பழுப்பு உறைக்குள் போட்டு ஒட்டினார்.

சலூன்காரர் கையை நீட்டினார். போன் திரைக்குள்ளிருந்து, “என்கிட்ட குடுத்து வைங்க, நான் பத்திரமா வச்சிருப்பேன்,” என்றார் மருந்துக்கடை. “நான் டீச்சர்,” என்றார் டீச்சர், அது ஒரு தகுதி என்பதுபோல.

பாதியக்கா மூவரையும் கடந்து மணப்பெண்ணிடம் போனார்.

“எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாதே,” என்றார் மணப்பெண். “நான் ஒரு தடவைகூட அந்தப் பக்கத்தைத் தொட்டதில்ல.”

“அதனாலதான் உங்களுக்கு. இன்னைக்கு ஆறு மணி வரைக்கும் கை ஒழியாத ஆளு நீங்க ஒருத்தர்தான்.”

மணப்பெண் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். ஒன்றில் பூ, ஒன்றில் கேக். பிறகு சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தார். பாதியக்கா உறையை அவர் பற்களுக்கு நடுவே பத்திரமாக வைத்தார்.